வாத்து இல்லாத படம்

டிசம்பர் 3

கால் உடைந்து இன்று மூன்றாம் நாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்றாக இருந்தது, இரண்டாகிவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பொங்கலை ஒட்டித்தான் பிரிப்பார்களாம். அதுவரை கட்டில், ஜன்னல், நான்.

இந்த டைரி மீன்வலைக் கடைக்காரர் வருடா வருடம் கொடுப்பது. இதுவரை ஒன்றிலும் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம், நடந்ததை நடந்தபடி ஓரிடத்தில் வைக்க வேண்டும். தூத்துக்குடி முழுக்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினேன் என்று ஒருவர் சொன்னாராம். சுற்றவில்லை.

மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றிலிருந்து மூன்று அதிகாரிகள் எங்கள் ஐஸ் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போனால் அவர்கள் மீனுக்கெல்லாம் இனி எங்கள் ஐஸ்தான். எங்கள் என்றால் தங்கப்பழமாகிய நானும் கஸ்பார் மச்சாதுவும். முப்பது வருடக் கூட்டு. குச்சி ஐஸ் பெட்டியை ஒரே சைக்கிளில் வைத்துத் தொடங்கியது. அவன் மிதிப்பான், நான் மணி அடிப்பேன். இன்றைக்கு இரட்டைமீன் ஐஸ் கம்பெனி என்றால் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. போர்டில் இரண்டு மீன். ஒன்று நான், ஒன்று அவன்.

ஐஸ் கம்பெனிக்குள் செருப்பு ஆகாது. வெறுங்கால் தரையைப் பிடித்துக்கொள்ளும். தோல் செருப்பு பிடிக்காது. 'செருப்புடன் உள்ளே வராதீர்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டியவனே நான்தான். ஆனால் அன்று, அதிகாரிகள் ஷூ போட்டு வருவார்கள், முதலாளி வெறுங்காலோடு நின்றால் மதிப்பு இருக்குமா என்று ஒரு யோசனை. புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவர்கள் வந்தார்கள். போர்டைப் படித்தார்கள். மூன்று பேரும் மரியாதையாக ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். உள்ளே ஷூவோடு நின்ற ஒரே ஆள் நான்.

"சார், இந்த இடத்துல முப்பது வருஷமா ஒருத்தர் வழுக்கி விழுந்ததில்ல" என்று சொல்லிக் கையை உயர்த்தினேன். இடது கால் திருச்செந்தூர்ப் பக்கம் போனது. வலது கால் ராமநாதபுரம் பக்கம் போனது. உட்கார்ந்த இடம் ஒரு ஐஸ் பார், முழுப் பாளம். அந்த பார் இருந்த இடம், ஆபீஸ் அறை வாசலை ஒட்டி, கீழே நிற்கும் வேனுக்கு ஐஸ் இறக்குகிற சறுக்குப் பலகை. உயர்த்திய கையோடு, அதிகாரிகளைப் பார்த்தபடியே, பின்பக்கமாகக் கீழே போனேன். கீழே சூரை மீன் கூடை. அதில் விழுந்தபோதுகூட வலிக்கவில்லை. எனக்குப் பின்னாலேயே இன்னொரு பார் வந்தது. அதுதான் காலை முறித்தது.

பிறகு கஸ்பார் சிரித்தான்.

அவன் சிரிப்பு எனக்குத் தெரியும். முதலில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் படகு மோட்டார் பிடிக்கிற மாதிரி விட்டு விட்டு வரும். பிடித்துவிட்டால் நிற்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பொம்மைப் படம் பார்த்து இப்படித்தான் சிரிப்பான். அறுபது வயது மனுஷனுக்கு பொம்மைப் படம் எதற்கு என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அவன் சிரித்ததும் அதிகாரிகளும் சிரித்தார்கள். ஐஸ் இழுக்கிற கொக்கியைப் பிடித்தபடி எங்கள் மேஸ்திரி இசக்கி கண்ணீர் விட்டுச் சிரித்தான்.

மீன் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க யாரோ என் காலை மடியில் வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. மூக்குப்பொடி வாசனை மட்டும் வந்தது. இசக்கியாக இருக்கும். இசக்கி பொடி போடுவானா என்று தெரியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். கூட்டு போதும். பாகம் பிரித்துக்கொள்கிறேன். கால் உடைந்ததற்கு அல்ல. சிரித்ததற்கு.

டிசம்பர் 5

இசக்கியைக் கூப்பிட்டு, பழைய கம்பெனி எனக்கு, துறைமுகத்தில் இரண்டாவதாகத் திறந்த புதுக் கம்பெனி கஸ்பாருக்கு, பொங்கல் கழிந்து கையெழுத்து என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"என்னலே சொன்னான்?"

"அண்ணாச்சி சொன்னா சரின்னு சொல்லுதாவ."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. பொடி போட்டாவ. தும்முனாவ."

"மன்னிப்பு கின்னிப்பு?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன், அதுக்கு என்னலே மன்னிப்புன்னு கேட்டாவ."

பார்த்தீர்களா. ஒரு மறுப்பு, ஒரு பேரம், ஒன்றும் இல்லை. முப்பது வருடக் கூட்டுக்கு ஒரு தும்மல். எதிர்ப்பக்கம் பேரம் பேசாவிட்டால் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும்.

அதிகாரிகள் ஆர்டர் கொடுத்துவிட்டார்களாம். முதலாளி மேலே உட்கார்ந்து அவ்வளவு தூரம் வந்தும் பாரில் ஒரு கீறல்கூட இல்லை, இப்படிக் கெட்டியான ஐஸ் பார்த்ததே இல்லை என்றார்களாம்.

டிசம்பர் 6

மழை. கஞ்சி. மழை.

டிசம்பர் 9

என் மனைவி செல்வக்கனி ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஒரு பென் டிரைவ். டிவியில் செருகினால் படம் வருமாம்.

"யாரு குடுத்தது?"

"கேபிள்காரரு."

"சும்மாவா?"

"சும்மாத்தான். உங்களுக்குக் கால் ஒடைஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டு..."

கேபிள்காரர் சும்மா எதையும் கொடுக்கிற ஆள் இல்லை. அவர் சிரிப்பதற்கே வாடகை கேட்பார். டப்பாவைத் திறந்ததும் எனக்கு வரிசையாகத் தும்மல். நான் மேற்கொண்டு கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே எல்லாம் பொம்மைப் படம். வெளிநாட்டுப் பழைய படம். பேச்சே கிடையாது, வாத்தியம் மட்டும். ஒரு குண்டுக் கரடி, கழுத்தில் சிவப்பு மஃப்ளர். ஒரு வாத்து. ஊரெல்லாம் பனி. ஏரி உறைந்து கிடக்கிறது. கரடி ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும், வாத்து அதைத் திருடும். எல்லாப் படமும் இதுதான்.

இன்று ஒன்று பார்த்தேன். வாத்து ஏரி நடுவில் நிற்கிறது. கரடி ரம்பத்தை எடுத்து வாத்தைச் சுற்றி வட்டமாக அறுக்கிறது. வட்டம் மட்டும் அப்படியே நிற்க, மற்ற ஏரி முழுக்க கரடியோடு சேர்ந்து தண்ணீருக்குள் போகிறது.

ஐஸ் மிதக்கும். முழுகாது. முப்பது வருடம் ஐஸ் விற்றவனிடம் இந்தக் கதை எடுபடாது. அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 11

வேறு வேலை இல்லாததால் இன்னும் மூன்று பார்த்தேன்.

கரடி ஒரு படத்தில் உறைந்து ஐஸ் பார் ஆகிவிடுகிறது. உள்ளே நின்றபடி கண்ணை மட்டும் உருட்டுகிறது. பார் மலையிலிருந்து சறுக்கி, கரடியின் வீட்டுக் கதவை உடைத்து, நேராக அடுப்பு முன்னால் போய் நிற்கிறது. உருகுகிறது. கரடி வெளியே வந்து அப்பாடா என்று மூச்சு விட்டு, ஒரு தும்மல் போடுகிறது. கூரை மேலிருந்த பனி மொத்தமும் அதன் தலையில். மறுபடி பார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த பார் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நடுவில் வெள்ளைப் புகை இல்லை. அப்படி ஒரு பார் எடுக்க நானும் கஸ்பாரும் எத்தனை மாதம் தண்ணீருக்குள் காற்று விட்டுக் கலக்கிப் பார்த்தோம். ஒரு கரடியைச் சுற்றித் தானாக உறைந்தது அப்படி வருமா?

செல்வக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, சிரிச்சியளா?"

"இருமல்."

"இருமலுக்கு வயிறு இப்படியா குலுங்கும்?"

நான் சிரிக்கிற ஆள் இல்லை. வியாபாரத்தில் சிரித்தால் விலை இறங்கும். கொள்முதல் செய்ய வருகிறவன் முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கிறான். இந்த முகத்தைக் கட்டிக் காப்பாற்றித்தான் நான் இந்த அளவுக்கு வந்திருக்கிறேன். வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பது கஸ்பார் வேலை. அவன் சிரிக்கவைப்பான், நான் விலை சொல்வேன். அப்படி ஓர் ஏற்பாடு, பேசிச் செய்துகொண்டது அல்ல.

டிசம்பர் 14

கால் அரிக்கிறது. மாவுக்கட்டுக்குள் விட ஈர்க்குச்சி கேட்டேன். செல்வக்கனி தரவில்லை. முந்திரி மணக்க மணக்க யாரோ மக்ரூன் இனிப்பு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். யாரென்று கேட்டதற்கு, 'கேபிள்காரர்' என்றாள். இந்த வீட்டில் கேபிள்காரருக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது.

டிசம்பர் 18

உருட்டுகிற படம். கரடி வாத்து மேல் ஒரு பனி உருண்டையை உருட்டி விடுகிறது. உருண்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. வழியில் ஒரு மாடு, தபால் பெட்டி, பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள், எல்லாரையும் ஒட்டிக்கொள்கிறது. உலகத்தைச் சுற்றிவந்து கரடிக்குப் பின்னாலேயே வந்து, உரசாமல், சத்தமில்லாமல் நிற்கிறது. கரடி திரும்பிப் பார்த்து நெற்றி வியர்வையைத் துடைக்கிறது. அப்போது வானத்திலிருந்து ஒரே ஒரு பனித்துகள், ஆடி ஆடி இறங்கி, உருண்டை உச்சியில் உட்காருகிறது. அவ்வளவுதான். உருண்டை சாய்ந்தது.

இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தேன். சரக்கு எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. சும்மா நடந்துபோகிறவன் விழுந்தால் யாருக்கும் சிரிப்பு வராது, அய்யோ பாவம் என்பார்கள். நிமிர்ந்து நடக்கிறவன், எனக்குத் தெரியாததா என்று கை உயர்த்துகிறவன் விழ வேண்டும். விழுவதற்கு முன்னால் ஒரு நொடி காற்றில் நிற்க வேண்டும். கரடி பனிச்சறுக்குப் பலகையில் மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் போகிறது, விழவில்லை. கீழே குனிந்து பார்க்கிறது பாருங்கள், அப்போதுதான் விழுகிறது. அப்புறம், விழுந்தவன் எழுந்திருக்க வேண்டும். தொப்பி நசுங்கி, பல்லெல்லாம் ஆடி, ஆனால் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பான் என்று தெரிந்தால்தான் சிரிக்க முடியும்.

அந்த வகையில் பார்த்தால் என் விழுகை முதல் தரம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் நான் எழுந்திருப்பேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 25

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கஸ்பார் போகிற மாதா கோயில் குடிலுக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஐஸைத் தூளாக்கிக் கொண்டுபோய்ப் பனி தூவுவோம். மற்ற குடிலில் பஞ்சுதான். தூத்துக்குடியில் பனி பெய்கிற ஒரே இடம் அது. எவ்வளவு தூள், எங்கே போட வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்றெல்லாம் நான்தான் பார்ப்பேன். கஸ்பார் அள்ளிக் கொட்டுவதோடு சரி.

இந்த வருடம் அவன் மட்டும் செய்தானாம். இசக்கி கேக் கொண்டுவந்தபோது சொன்னான்.

"வடிகால் வைக்க மறந்துட்டாவ அண்ணாச்சி. பூசை பாதியில எல்லாம் உருகிருச்சு. ஒட்டகப் பொம்மை மொதல்ல சரிஞ்சுது. அது ஒரு ராசாவை இடிச்சுது. அவரு இன்னொரு ராசாவை இடிச்சாரு. மூணு ராசாவும் வரிசையா சறுக்கி, மேய்ப்பன் மேல ஏறி, சாமியார் காலடியில போயி நின்னாவ."

"கஸ்பார் சிரிச்சானா?"

இசக்கி கொஞ்சம் யோசித்தான்.

"இல்ல அண்ணாச்சி. கோயிலே சிரிச்சுது. அவிய மட்டும் சிரிக்கல. தங்கப்பழம் இருந்தா வடிகால் வச்சிருப்பான்னு சொன்னாவ."

கேக் நன்றாக இருந்தது. இந்த வருடம் முந்திரி கொஞ்சம் அதிகம்.

டிசம்பர் 29

இன்று பார்த்த படம் சரியில்லை.

குளிர் அதிகமானதும் வாத்துகள் எல்லாம் கூட்டமாக வேறு தேசத்துக்குப் பறந்துபோகின்றன. அந்த வாத்தும் போய்விடுகிறது. கரடி முதலில் குதிக்கிறது, ஆடுகிறது. ஓட்டை போட்டு உட்காருகிறது. மீன் வருகிறது. நிறைய வருகிறது. திருட ஆள் இல்லை. கரடி மீனைப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டே போகிறது. அவ்வப்போது ஒரு மீனை ஐஸ் மேல் தனியாக வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறது. திரும்பிப் பார்த்தால் மீன் அப்படியே இருக்கிறது. பனி பெய்கிறது. அவ்வளவுதான்.

விழுவது, வழுக்குவது ஒன்றுமே இல்லை. இதற்கு எதற்கு ஒரு படம்? பாதியில் அணைத்தேன்.

மார்கழிப் பனிக்குக் கண்ணில் நீர் வடிகிறது. ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

ஜனவரி 1

புது டைரி வந்தது. வேண்டாம் என்று இதிலேயே பின்பக்கத்தில் எழுதுகிறேன். தாள் நிறைய மிச்சம் இருக்கிறது.

ஜனவரி 5

வக்கீல் வீட்டுக்கு வந்தார். பத்திரம் தயார் செய்வதற்குச் சில விஷயம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "கம்பெனி பேரு யாருக்கு?" என்றார்.

"எது?"

"இரட்டைமீன். அதை ஒருத்தருக்குத்தான் எழுத முடியும். மற்றவர் வேற பேர் வைக்கணும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பேரை நீங்களே வச்சிக்கிடணுமாம். அவர் போர்டுல ஒரு மீன் போதும்னுட்டார். ஒற்றைமீன் ஐஸ் கம்பெனி."

செல்வக்கனி காப்பி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். ஒற்றை மீனைப் பார்த்து எவன் ஐஸ் வாங்குவான்? மீன்காரன் சகுனம் பார்க்கிறவன். வியாபாரத்தில் கஸ்பாருக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஜனவரி 7

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்வக்கனி சொன்னாள், "ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. நீங்க விழுந்ததை நானும் பாத்தேன். கேமராவுல பதிவானது. இசக்கிதான் போன்ல வச்சிருந்தான்."

"எத்தனை தடவை?"

"அதெல்லாம் எதுக்கு?"

"சிரிச்சியா?"

"மொதல்ல அழுதேன். அப்புறந்தான்."

போனை வாங்கி நானும் பார்த்தேன். சொன்னேனே, முதல் தரம் என்று. அதிலும் கை உயர்த்தியபடியே கீழே போவது இருக்கிறதே. எலெக்ஷனில் ஓட்டுக் கேட்டுப் போகிறவர் மாதிரி.

ஆனால் கணக்கு ஒன்று இடித்தது. சறுக்குப் பலகையின் மேலே மூன்று பார் வரிசையாக இருந்தன. முதல் பாரில் நான். இரண்டாவது என் காலில். மூன்றாவது எங்கே? அது என் தலைக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டச் சொன்னேன்.

கஸ்பார் சறுக்குப் பலகையில் குறுக்கே விழுந்து கிடந்தான். மூன்றாவது பார் அவன் முதுகில் இடித்து நின்றுகொண்டிருந்தது. அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டேதான் பாய்ந்திருக்கிறான், சிரித்துக்கொண்டேதான் கிடந்திருக்கிறான்.

"முதுகுல நீலமாக் கன்னிப்போச்சாம்," என்றாள் செல்வக்கனி.

"உனக்கு யாரு சொன்னா?"

"கேபிள்காரரு."

சிரித்தது சிரித்ததுதான். ஊர் முழுக்க பாகப்பிரிவினை என்று தெரிந்துவிட்டது. சொன்ன சொல்லை மாற்றிப் பேசினால் என்னை எவன் வியாபாரி என்பான்? பத்தொன்பதாம் தேதி கையெழுத்து.

தூக்கம் சரியாக இல்லை.

ஜனவரி 13

மாவுக்கட்டு பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. கைத்தடி கொடுத்திருக்கிறார்கள். வழுக்குகிற இடத்துக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். நான் ஐஸ் கம்பெனி முதலாளி என்றேன். அவர் சிரித்தார். அவரும் நான் விழுந்த படத்தைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது.

ஜனவரி 15

பொங்கல். வழக்கமாக கஸ்பார் கரும்போடு வந்து, பானை பொங்கும்போது என்னைவிடச் சத்தமாகக் கத்துவான். இந்த வருடம் வாசலில் கரும்புக் கட்டு மட்டும் சாத்தி இருந்தது. கேட்டுக்கு வெளியே யாரோ தும்மினார்கள். நான் கைத்தடியை ஊன்றி வாசலுக்குப் போவதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. இந்தக் காலை வைத்துக்கொண்டு யாரைப் பிடிக்க முடியும்?

ஜனவரி 19

இன்று கையெழுத்து நாள்.

காலையில் நானும் செல்வக்கனியும் கம்பெனிக்குப் போனோம். வக்கீல் முன்பே வந்து ஆபீஸ் அறையில் இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே காலடி வைக்கப் போனால், தரை முழுக்கச் சாக்கு. வாசலிலிருந்து ஆபீஸ் கதவு வரைக்கும் கல்யாண வீட்டுக் கம்பளம் மாதிரி ஈரச் சாக்கு விரித்திருந்தது. நடுவில் கஸ்பார். கொஞ்சம் இளைத்திருந்தான்.

சாக்கு விரிப்பது வழக்கந்தான். ஆனால் நான் வழுக்கிவிடக் கூடாது என்று, அவன் சாக்குக்கு அடியிலும் கை கையாக உப்பை அள்ளிப் போட்டிருக்கிறான், தரையில் சிதறிய ஐஸ் கரையட்டும் என்று. உப்புப் பட்டால் ஐஸ் கரையும். கரைந்த தண்ணீர் அடியில் நிற்கும். சாக்கு படகாகிவிடும். எங்கள் கம்பெனியில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். கஸ்பாருக்குத் தெரியாதா? தெரியும். பயந்துபோன மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

அவன் என் முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குவது மாதிரி பின்பக்கமாகவே நடந்தான்.

"மெதுவா வே. இடது காலை வையும். ம்... இப்ப தடியை ஊனும்."

"எனக்கு நடக்கத் தெரியும்."

"தெரியும், பாத்தமே."

இவ்வளவு நாள் கழித்துப் பேசிய முதல் பேச்சு இது. நான் தடியை ஊன்றினேன். ஆபீஸ் கதவு நெருங்கியது. வக்கீல் பத்திரக் கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

அப்போது கஸ்பார் காலுக்குக் கீழே சாக்கு நகர்ந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் உடனே விழவில்லை. ஒரு நொடி நின்றான். கை இரண்டும் விரிந்து, வாய் திறந்து, அந்தரத்தில் நின்றான். 'கீழே பார்க்காதே' என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். போயிற்று. பிடித்துக்கொள்ள எதையாவது தேடிய கைக்கு வக்கீலின் பத்திரக் கட்டுதான் அகப்பட்டது. அதோடு பொத்தென்று ஒரு ஐஸ் பார் மேல் உட்கார்ந்தான். பார் கிளம்பியது. என்னைப் பார்த்துக்கொண்டே, பத்திரத்தை உயர்த்திப் பிடித்தபடி, அதே சறுக்குப் பலகையில் பின்பக்கமாகக் கீழே போனான்.

நல்ல வேளை, கீழே நின்ற வேன் முழுக்கத் தூள் ஐஸ். அதற்குள் முழுகிப் போனான். ஆளே தெரியவில்லை.

"சேசுவே!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

முதலில் பத்திரம் வெளியே வந்தது. அப்புறம் தலை. புருவம், மீசை, காது எல்லாம் வெள்ளை. சட்டைப் பையிலிருந்த பொடி டப்பா திறந்திருக்க வேண்டும். முகத்தைச் சுருக்கினான். எனக்குத் தெரிந்துவிட்டது. கூரை மேலிருக்கிற பனி எங்கே என்று நிமிர்ந்து பார்த்தேன். இருந்தது. ஐஸ் உடைக்கிற மிஷின் வாயில் ஒரு குவியல் தொங்கிக்கொண்டிருந்தது. கஸ்பார் தும்மினான். வேன் அதிர்ந்து மிஷினில் இடித்தது. குவியல் மொத்தமும் அவன் தலையில்.

இசக்கி என் முகத்தைப் பார்த்தான். வக்கீல் என் முகத்தைப் பார்த்தார்.

என் தோள் குலுங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகக் குலுங்கியது. அப்புறம் வந்தது பாருங்கள், இத்தனை வருடம் அடக்கிவைத்தது முழுக்க. நிற்க முடியவில்லை. சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வக்கனி சிரித்தாள். இசக்கி கொக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்த வெள்ளைத் தலை மறுபடி வெளியே வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சிரிச்சு முடிச்சீரா வே?"

"இல்ல."

"சரி, முடிச்சிட்டுச் சொல்லும். எனக்கு இங்க குளுருது."

அதைக் கேட்டு இன்னொரு சுற்று. அப்புறம் கைத்தடியை நீட்டினேன். அவன் பிடித்து இழுத்தான். நானும் கீழே போகப் பார்த்தேன். செல்வக்கனி என் சட்டையைப் பிடித்தாள், இசக்கி என் இடுப்பைப் பிடித்தான், வக்கீல் இசக்கியைப் பிடித்தார். வரிசையாக நின்று இழுத்து எடுத்தோம். வெளியே வந்தவன் முதலில் என் காலைத்தான் தொட்டுப் பார்த்தான்.

"இது ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. உம்ம முதுகு?"

"அதுக்கென்ன. பழகிருச்சு."

அவன் தோளும் குலுங்க ஆரம்பித்தது.

பத்திரம் ஊறி, மை எல்லாம் ஓடி, யாருக்கு எது என்று ஒன்றும் தெரியவில்லை. வக்கீல் உதறிப் பார்த்துவிட்டு, வேறு தாளில் அடித்து நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றார்.

"அவசரமில்ல," என்றேன். "பொங்கல் கழியட்டும்."

"பொங்கல் கழிஞ்சிருச்சே?"

"அடுத்த பொங்கல்."

ஜனவரி 20

கஸ்பாருக்கு இடுப்பில் சுளுக்கு. ஒரு வாரம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதாம். காலையில் இசக்கி வந்து சொன்னான். கேபிள்காரர் நலமா என்று செல்வக்கனியிடம் கேட்டேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பென் டிரைவைப் பொடி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். கஸ்பார் அனுப்பியதுதானே, படுத்துக்கொண்டு அவனே பார்க்கட்டும். உருட்டுகிற படத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும், அதில் மாடு வருகிற இடத்தை அவனுக்குக் காட்ட வேண்டும்.

வாத்து இல்லாத அந்த ஒன்றை மட்டும் செல்வக்கனியிடம் சொல்லி அழித்துவிட்டேன்.